அமைதிக் காலத்து ஆயுதம்

போர் ஓய்ந்து, பேச்சு இன்னும் முடியாத இடைவெளியில் ஒரு தரப்புக்கு மட்டும் படைக்கருவி கொடுப்பது அறமாகாது. கொடுப்பவர் அதற்கு என்ன பெயர் வைத்தாலும் இது மாறாது. இலங்கை விவகாரம் இதற்குக் கண்கூடான சான்று.

2002 பிப்ரவரி 22-இல் நோர்வேயின் முயற்சியால் இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் போர்நிறுத்த உடன்பாடு செய்துகொண்டனர். அடுத்த ஆண்டு ஏப்ரலிலேயே புலிகள் பேச்சிலிருந்து விலகினர். அக்டோபரில் இலங்கைப் பிரதமர் ரணில் விக்கிரமசிங்க தில்லி வந்தபோது பாதுகாப்பு ஒத்துழைப்பு ஒப்பந்தம் பற்றிய பேச்சு எழுந்தது. 2004 நவம்பரில் இலங்கை அதிபர் சந்திரிகா குமாரதுங்க வந்தபோதும் அது தொடர்ந்தது. மதிமுக பொதுச்செயலாளர் வைகோ கடுமையாக எதிர்த்தார். அவர் கட்சியின் 4 எம்.பி.க்கள் மன்மோகன் சிங் அரசுக்கு ஆதரவளித்து வந்த நேரம் அது. ஒப்பந்தம் அப்போது கையெழுத்தாகவில்லை.

தில்லியின் துணை உறுதியாகிவிட்டால் கொழும்புக்குப் பேச வேண்டிய தேவையே இராது என்பதுதான் எதிர்ப்பின் சாரம். வைகோவின் புலி ஆதரவு ஊரறிந்தது. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் அந்த வாதம் நிற்கிறது.

புறநானூற்றில் ஔவையார் அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் போகிறார். அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். பீலி சூட்டி, நெய் பூசி, காவலில் வைத்த புத்தம்புது வேல்கள். அதியமானுடையவையோ நுனி மழுங்கிக் கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஔவை, பாராட்டுவதுபோல. ஆயுதத்தைக் காட்டிப் பேச வந்தவனுக்குப் பேச்சில் மனமில்லை என்பதை அந்தத் தூது அறிந்திருக்கிறது. கோவூர்கிழார், நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பொருதபோது, எவர் தோற்றாலும் தோற்பது சோழர் குடியே என்று இருவரையும் சேர்த்தே இடித்துரைத்தார். ஒருவனுக்கு வாள் தீட்டிக் கொடுக்கவில்லை. கும்பிடும் கைக்குள்ளும் ஆயுதம் ஒளிந்திருக்கும் என்று வள்ளுவர் எச்சரிப்பது கூடாநட்பு அதிகாரத்தில்.

ஒப்பந்தம் இல்லாமலே இந்தியாவின் ‘இந்திரா’ ராடார்கள் இலங்கைக்குப் போயின. ‘உயிர்கொல்லாத தற்காப்புக் கருவி’ என்றது தில்லி. 2007 மே இறுதியில் சென்னையில் முதல்வர் கருணாநிதியைச் சந்தித்த தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் எம்.கே. நாராயணன், இலங்கை சீனாவிடமோ பாகிஸ்தானிடமோ ஆயுதம் தேடிப் போகக் கூடாது, தேவையானதை இந்தியாவிடம் கேட்கலாம் என்ற பொருளில் பேசினார். 2008 ஜனவரியில் கொழும்பு போர்நிறுத்தத்தைக் கைவிட்டது. செப்டம்பர் 9 அதிகாலையில் புலிகள் வவுனியா படைத்தளத்தைத் தாக்கினர்; காயம்பட்டோரில் இந்திய ராடார் பணியாளர்கள் இருவர். ராடார் யாரையும் சுடாது, உண்மைதான். ஆனால் அது வானத்தைக் காவல்காத்தால், தரையில் முன்னேறும் படை அண்ணாந்து பார்க்காமல் நடக்கலாம். களவுக்குப் போனவன் வீட்டுக்குக் காவலிருந்தவன், நான் எதையும் தொடவில்லை என்று சொல்வது போன்றது இது.

மறுபக்க நியாயமும் உண்டு. இறையாண்மையுள்ள அரசுக்குத் தற்காப்பு உரிமை இருக்கிறது; புலிகளும் போர்நிறுத்தக் காலத்தில் கடல்வழியே ஆயுதம் கடத்தினர்; இந்தியா மறுத்தால் சீனா கொடுத்திருக்கும். கடைசி வாதம் கள்ளுக்கடைக்காரர் வாதம். இந்தியா ராடார் கொடுத்த பின்னும் சீனா கொடுத்துக்கொண்டுதான் இருந்தது.

2009 மே மாதம் போர் முடிந்தது. கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்பதை மறுக்க முடியாது என்றது 2011-இல் ஐ.நா. வல்லுநர் குழு. தப்பி வந்தவர்களுக்கான கீழ்ப்புத்துப்பட்டு இலங்கைத் தமிழர் முகாம், புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. போர் முடிந்து ஆண்டுகள் பல ஆகியும் முகாம் முகாமாகவே இருக்கிறது.

2025 ஏப்ரல் 5-இல், மோடி கொழும்பு சென்றபோது, பாதுகாப்பு ஒத்துழைப்புப் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் முழு வாசகத்தை வெளியிடும்படி இலங்கை எதிர்க்கட்சிகள் கேட்டன.