வரிசைக்குள் ஒரு கோடு

ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பார்கள். மற்ற பூக்களோடு ஒப்பிட்டால் இலுப்பைப் பூ இனிப்புதான். அதனால் அது சர்க்கரை ஆகிவிடுமா? வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று எண் போடச் சொல்லும் தேர்தல்களில் இதே கேள்வி வந்து நிற்கிறது. யாரைவிட யார் மேல் என்பதை எண்கள் சொல்லிவிடும். முதல் எண் வாங்கியவருக்காவது தகுதி உண்டா என்பது அவற்றில் தெரியாது.

இரண்டையும் ஒரே சீட்டில் கேட்கும் தேர்தல் ஒன்று உண்டு. அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதில், போட்டியிடும் படைப்புகளோடு ‘விருது இல்லை’ என்பதும் சீட்டில் ஒரு வரியாக இருக்கும். அதற்கும் எண் போடலாம். ஒருவர் பிடித்த இரண்டு கதைகளுக்கு 1, 2 போட்டுவிட்டு ‘விருது இல்லை’க்கு 3 போட்டால், அந்த இடத்தில் ஒரு கோடு விழுகிறது. கோட்டுக்கு மேலே இருப்பவை விருதுக்கு உரியவை, கீழே இருப்பவை உரியவை அல்ல. எண்ணும்போது கடைசியில் நிற்பது ஒவ்வொன்றாகக் கழிந்து ஒரு படைப்பு மிஞ்சும். மிஞ்சினால் மட்டும் போதாது. அதை ‘விருது இல்லை’க்கு மேலே வைத்த சீட்டுகள், கீழே வைத்த சீட்டுகளைவிட அதிகமாக இருக்க வேண்டும்.

2015இல் இந்தக் கோடு சோதனைக்கு வந்தது. சிலர் ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு கூட்டாகப் பரிந்துரை செய்து, பல பிரிவுகளின் இறுதிச் சுற்றை நிரப்பிவிட்டார்கள். அமெரிக்காவின் ஸ்போக்கேன் நகரில் முடிவு அறிவிக்கப்பட்டபோது, சிறுகதை, குறுநாவல் உட்பட ஐந்து பிரிவுகளில் ‘விருது இல்லை’ வென்றிருந்தது. வாக்களித்தவர்கள் 5,950 பேர். தங்களைக் கேட்காமலே அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்ட எழுத்தாளர்களும் தோற்றவர்களில் உண்டு. நிராகரிப்பு யார்மேல் விழுகிறது என்று பார்க்காமல் அதைக் கொண்டாட முடியாது.

இந்தியாவில் ‘இவர்களில் யாரும் வேண்டாம்’ என்று சொல்லும் நோட்டா பொத்தான், 2013 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பால் வந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் இந்தோரில் மட்டும் 2,18,674 பேர் அந்தப் பொத்தானை அழுத்தினார்கள். மாநிலங்களவைத் தேர்தலிலோ எம்எல்ஏக்கள் விருப்ப வரிசைப்படி எண் போடுகிறார்கள். அங்கும் 2014இல் நோட்டா நுழைந்தது. கட்சித் தாவலுக்கு அது வழிவிடும், நேரடித் தேர்தலுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று சொல்லி, 2018இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது. ஆக, ‘வேண்டாம்’ என்று சொல்லக்கூடிய தேர்தலில் வரிசை கிடையாது, வரிசை உள்ள தேர்தலில் ‘வேண்டாம்’ கிடையாது.

கொறடாவுக்குக் கட்டுப்பட்ட எம்எல்ஏவை நினைத்து நீதிமன்றம் கவலைப்பட்டதில் நியாயம் உண்டு. இந்தோர் வாக்காளருக்கு எந்தக் கொறடாவும் இல்லை. அவர் நோட்டாவை அழுத்தியதும் அவருடைய வாக்கு முடிவைத் தீர்மானிக்கும் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டது. மிச்சம் இருப்பவர்களில் யாரைப் பொறுத்துக்கொள்ளலாம், யாரை ஒருபோதும் ஏற்க முடியாது என்பதையும் அவரிடம் கேட்டிருக்கலாம். அந்த இயந்திரத்தில் அவருக்குக் கிடைத்தது ஒரே ஓர் அழுத்தல்தான்.