நுரை அடங்கட்டும்

நம் நாவில் எளிதாகப் புரளும் சொற்களுள் ஒன்று நுரை. கறந்த பாலில் நுரை, கடலோரத்தில் நுரை, வெளுக்கும் துணியில் நுரை என நாள்தோறும் அதனைச் சொல்கிறோம். ஆற்று வெள்ளம் நுங்கும் நுரையுமாக வருகிறது என்கிறோம். ஓய்வின்றிப் பாடுபடுபவர் வாயில் நுரை தள்ள உழைக்கிறார் என்கிறோம். நீரினுள் காற்றுச் சிறைப்பட்டு, குமிழிகள் நெருங்கித் திரண்டு நிற்கும் நிலையே நுரை. குமிழியின் சுவர் மெல்லிய நீர்ப்படலம், உள்ளிருப்பதோ காற்று.

இதனாலேயே சான்றோர் நிலையாமைக்கு இவற்றை உவமையாக்கினர். நாலடியார் உடம்பை மழைநீரில் தோன்றி மறையும் குமிழிக்கு ஒப்பிட்டது. குறுந்தொகையின் 290ஆம் பாடலில், காதலரைக் காணாத தலைவி, வெள்ளத்தில் பாறைமீது மோதும் நுரையைப் போலத் தான் சிறிது சிறிதாக இல்லாமற் போவதாகக் கூறுகிறாள். பாடிய புலவரின் இயற்பெயர் நமக்குக் கிட்டவில்லை. அவ்வுவமையைக் கொண்டே அவரைக் கல்பொரு சிறுநுரையார் என்று அழைக்கிறோம். அழிவுக்கு உவமையாக வந்த நுரையே ஒரு புலவரின் நினைவை அழியாமற் காத்திருக்கிறது!

ஆகவே, நிலையாமை நுரையின் குற்றமாகாது. அதனை நிலையான பொருளோடு சேர்த்து அளப்பதில்தான் குற்றம் பிறக்கிறது. பால் விற்பவர் உயரத் தூக்கி ஊற்றுகிறார். படி நிறைந்து வழிகிறது. நுரை அடங்கியபின் பார்த்தால் பால் குறைந்திருக்கிறது. அவர் பொய் ஏதும் சொன்னாரா? தண்ணீர் கலந்தாரா? இல்லை. படி நிறைந்ததை நம் கண்களே கண்டன. ஆயினும் நாம் ஏமாற்றப்பட்டோம். பாசாங்கு என்பது செயலால் சொல்லப்படும் பொய் என்று புனித தாமஸ் அக்குவினாஸ் கருதினார். பிறர் தவறாக எண்ணிக்கொள்வர் என அறிந்தே, அதற்கு வழிசெய்துவிட்டு வாய்மூடி இருப்பவரும் பொய்யரே.

சில வேளைகளில் நாமே நுரையை விரும்பிக் கேட்கிறோம். நுரை மிகுந்தால்தான் அழுக்குப் போகும் என நம்புகிறோம். அழுக்கை அகற்றுவது நீரில் கரைந்த சோப்பு. நுரை அதனுடன் தோன்றுவது, அவ்வளவே. சீயக்காய் அத்துணை நுரைப்பதில்லை. எனினும் எண்ணெய்ப் பிசுக்கு நீங்கிவிடுகிறது.

2019ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைப் பட்டினப்பாக்கம் கடற்கரையில் வெண்ணுரை பெருமளவில் ஒதுங்கியது. குழந்தைகள் அதில் குதித்து விளையாடினர். மழைநீரோடு கடலிற் கலந்த, சுத்திகரிக்கப்படாத கழிவுநீரும் அதிலிருந்த சலவைப் பொருள்களுமே அந்த வெண்மைக்குக் காரணம். நம் துவைக்கும் கல்லில் அடங்கிய நுரை, அங்கே மீண்டும் எழுந்து நின்றது. வழிதவறச் செய்வோரை, தம் இழிவையே நுரையாகக் கக்கும் கடலலைகளுக்கு யூதா திருமுகம் ஒப்பிடுவதை இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

எனினும், நுரையை வெறுத்தொதுக்க வேண்டியதில்லை. கோடிக்கணக்கான சிற்றறைகளில் காற்றை ஏந்தி நம்மை வாழ்விக்கும் உறுப்புக்குத் தமிழ் நுரையீரல் என்றே பெயரிட்டுள்ளது. காற்று தனக்குரிய இடத்தில் இருந்தால் உயிர் தருகிறது. பாலுக்குரிய இடத்தைப் பிடித்துக்கொண்டால் வஞ்சனையாகிறது.

நாமும் அன்றாடம் அளந்து கொடுப்பவர்களே. கொடுக்கும் வாக்கு, செய்யும் உதவி, பொதுப்பணிக்கு ஈந்த நேரம் ஆகியவற்றை எடுத்துரைக்கும்போது எவ்வளவு உயரத்திலிருந்து ஊற்றுகிறோம்? பால் வாங்கும் தாய்மார், "நுரை அடங்கட்டும்" என்று சற்றுப் பொறுத்திருப்பது வழக்கம். பிறர் நம்மைப் புகழ்ந்து அளக்கும் வேளையில், அச்சொல்லை நாமே முந்திக்கொண்டு சொல்வோமாக.