ஆலிலைக்கு அடியில் ஒரு பொன்

பெரியாழ்வார் குனிந்ததால்தான் நமக்கு ஆண்டாள் கிடைத்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்து, அவ்வூர்ப் பெருமாள் வடபத்ரசாயிக்கு நாளும் மாலை கட்டிச் சாத்திய விட்டுசித்தர் என்னும் அவர், ஆடிப் பூரத்தன்று துளசிச் செடியின் அடியில் அந்தக் குழந்தையைக் கண்டெடுத்தார் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். சின்ன வயதில் அந்தக் கதையில் குழந்தை மட்டும்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது அந்த மனிதரின் முதுகு தெரிகிறது. மண்ணைக் கொத்தி, களை பறித்து, இலையைப் புரட்டிப் பார்த்து, வெயிலில் நாள் முழுக்க வளைந்திருந்த முதுகு. பூவை மட்டும் கொய்துகொண்டு நிமிர்ந்தபடி போயிருந்தால், செடியின் அடியில் கிடந்தவள் அவர் கண்ணில் பட்டிருப்பாளா?

இதை எனக்குப் புரியவைத்தவை பாப்பாத்திகள். எங்கள் பக்கம் பட்டாம்பூச்சியை அப்படித்தான் கூப்பிடுவோம்.

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருப்பது சின்ன இடம். துளசிப் பாத்தி, கறிவேப்பிலை, ஒரு எலுமிச்சை, இரண்டு அரளி, வேலியோரம் எருக்கு, மதில் வெடிப்பில் தானாக முளைத்த ஆலங்கன்று. பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் கேமராவோடு அங்கே குடியேறிவிடுவேன். மேற்கே மலை நீலமாக நிற்கும். கிழக்கே சூரியன் தென்னை உயரத்துக்கு வருமுன் போய்விட வேண்டும். இரவுக் குளிர் உடம்பில் இருக்கும்வரை பட்டாம்பூச்சியால் நன்றாகப் பறக்க முடியாது. சிறகை விரித்து, வெயிலை வாங்கி, உடம்பைச் சூடேற்றிக்கொண்ட பிறகுதான் எழும்பும். கோயிலில் அதிகாலை நடை திறந்ததும் கிடைக்கும் விஸ்வரூப தரிசனத்துக்கு எவ்வளவு ஏங்குவோமோ, அவ்வளவு ஏக்கத்தோடு அந்த நேரத்துக்குக் காத்திருப்பேன். எருக்கின் மேல் வெந்தய வரியன் சிறகு விரிக்கும். காவி நிறத்தின் ஓரத்தில் கறுப்பு, கறுப்புக்குள் வெள்ளைப் புள்ளிகள். எழுதியவன் கை எப்படிப்பட்ட கை!

என்னிடம் இருப்பது 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ். அதன் வழியாக ஒரு வண்டின் முகத்தை நெருங்கும்போது, துவாரத்தை எஃப் 11 வரை சுருக்கினாலும் தெளிவாக விழுவது ஓரிரு மில்லிமீட்டர் ஆழம்தான். கண் தெளிந்தால் கால் மங்கும். நம் மூச்சு அசைந்தால் இரண்டும் போய்விடும். ஆகவே முழங்காலை மண்ணில் ஊன்றி, முழங்கையைத் தரையில் அழுத்தி, நெற்றி புல்லைத் தொடுமளவு தாழ்ந்து, மூச்சை அடக்க வேண்டும். நம் நிழல் அதன்மேல் விழக் கூடாது. நல்ல படத்துக்காக உடல் தாழும் விதமும் பெருமாளைச் சேவிக்க உடல் தாழும் விதமும் ஒன்றாகவே இருப்பது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. பூச்சியைப் பிடித்துக் குளிர்பெட்டியில் வைத்து, மரத்துப்போனதும் எடுத்துப் படம் பிடிப்பவர்கள் உண்டு. அது அபசாரம். உற்சவரைச் சங்கிலியால் கட்டி வைத்துச் சேவிப்பதில்லை நாம்.

துளசிப் பூவுக்கு வரும் நீல வளையத் தேனீயைப் பார்த்திருக்கிறீர்களா? வயிற்றில் நீலப் பட்டைகள் ஒளிர, ஒரு பூவில் நிற்கும் முன்பே அடுத்த பூவுக்குத் தாவும். பகலில் அதைப் படமெடுக்கப் பொறுமை போதாது. அந்தி சாய்ந்ததும் போய்ப் பாருங்கள். இந்த வகை ஆண் தேனீக்களுக்குக் கூடு கிடையாது. மெல்லிய காம்பு ஒன்றைத் தாடையால் கவ்விக்கொண்டு, கால்களைக்கூட மடக்கிவிட்டு, அந்த ஒரே பிடியில் இரவெல்லாம் தொங்கி உறங்கும். திருத்துழாய்க் காம்பு ஒன்றில் அவை வரிசையாக உறங்கக் கண்ட அன்று என் கண்ணில் நீர் நிற்கவில்லை. சரணாகதி பற்றி எத்தனையோ உபந்நியாசம் கேட்டிருக்கிறேன். வேறு பிடிமானம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் பற்றிக்கொள்வது என்றால் என்னவென்று அன்றுதான் கண்ணால் கண்டேன்.

கறிவேப்பிலைச் செடிதான் எங்கள் தெருவில் பேச்சு. பக்கத்து வீட்டு மதினி மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "என்ன தாயி, செடி முழுக்கப் புழுவா அடைஞ்சு கெடக்கு, மருந்தடிக்கலையா?" என்பார். "அதுக சாப்பிடட்டும் மதினி, நம்ம ரசத்துக்கு ரெண்டு கொத்து மிஞ்சும்" என்பேன். கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சி முட்டையிட வரும் அழகை அவருக்கும் காட்டியிருக்கிறேன். இலையில் வந்து அமர்ந்ததும் முன்னங்கால்களால் தட்டும். அந்தக் கால்களில்தான் அதற்குச் சுவை. இது தன் பிள்ளை உண்ணக்கூடிய இலைதானா என்று காலால் ருசித்து அறிந்த பிறகே ஒரு முட்டையை ஒட்டிவைத்துவிட்டுப் போகும். அதுவோ பூந்தேன் குடித்து வாழ்வது. தான் உண்ணாத இலையைப் பிள்ளைக்காகத் தேர்ந்தெடுக்கிறது. பொரிக்கும் புழு முதலில் பறவை எச்சம் போலிருக்கும். எந்தக் குருவியும் தீண்டாது. வளர்ந்ததும் இலைப்பச்சையாக மாறி இலையோடு மறையும். அப்போதும் யாராவது சீண்டினால் தலைக்குப் பின்னிருந்து சிவந்த கொம்பு ஒன்றை நீட்டிக் காரமான வாடையை வீசும். எத்தனை காவல்! ஒரு விரல்கூட நீளமில்லாத உயிருக்கு இத்தனை கவசம் பூட்டியவன் நம்மை மறப்பானா?

இனி ஆலங்கன்றுக்கு வருகிறேன். சொல்ல வந்ததே அதைத்தான்.

மதிலைப் பிளந்துவிடும், பிடுங்கிவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெருமானின் பெயரே ஆலிலையில் பள்ளிகொண்டவன் என்பதால் எனக்குக் கை வரவில்லை. வெண்புள்ளிக் கருப்பன் ஆல், அரசு, அரளி இலைகளில் முட்டையிடும் பட்டாம்பூச்சி. நான்கு இணை கறுப்பு நீட்சிகளோடு வரிவரியாக ஒரு புழு அந்தக் கன்றில் மேய்ந்துகொண்டிருந்தது. பிறகு காணவில்லை. ஒரு காலை, மண்டியிட்டு இலையைக் கீழிருந்து பார்த்தேன்.

பொன்! வர்ணனைக்காகச் சொல்லவில்லை. ஆலிலையின் அடியில் சொக்கப்பொன்னில் வார்த்து மெருகேற்றிய ஒரு துளி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டுப்புழுவின் பொன்னுக்குச் சாயம் காரணமில்லை. மேல்தோலில் மிக மெல்லிய படலங்கள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. ஒவ்வோர் அடுக்கிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றுசேர்ந்து உலோகமாக மின்னுகிறது. உயிர் வெளியேறியதும் கூடு நிறமற்ற வெறும் தோலாகிவிடும். உள்ளே உயிர் இருக்கும்வரைதான் பொன். விஞ்ஞானம் இதைச் சொல்லி முடிக்கும் இடத்தில் எனக்குத் தொழுகை தொடங்கிவிடுகிறது. பிரளய வெள்ளத்தில் ஆலிலை மேல் குழந்தையாகக் கிடந்தவன் உலகத்தையெல்லாம் வயிற்றில் அடக்கியிருந்தானாம். இந்த ஆலிலைக்குக் கீழே ஒரு புழு தன்னையே கரைத்து, சிறகையும் கண்ணையும் பறத்தலையும் வயிற்றுக்குள் அடக்கிக்கொண்டிருக்கிறதே!

லென்ஸை நெருக்கி ஃபோகஸ் செய்தபோது அந்தப் பொன்னில் ஏதோ அசைந்தது. நான்தான். வானமும் மதிலும் கேமரா பிடித்த பெண்ணொருத்தியும் வளைந்த சிற்றுருவமாக அதில் தெரிந்தார்கள். அந்தக் கணம் என் மனம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஓடிவிட்டது. ஆண்டாள் கோயிலில் கண்ணாடிக் கிணறு இருக்கிறது. பெருமாளுக்கென்று அப்பா கட்டி வைத்த மாலையைத் தான் சூடி, அவனுக்கு ஏற்றவளா என்று அவள் எட்டிப் பார்த்த கிணறு என்பார்கள். தன் முகத்தைத் தனக்காகப் பார்த்தவளல்ல அவள். அவன் கண்ணால் பார்த்தாள். சூடிக் களைந்த அந்த மாலைதான் இன்றும் சித்திரையில் மதுரைக்குக் கள்ளழகருக்கும், புரட்டாசியில் திருப்பதிக்கும் போகிறது. நான் எத்தனையோ தரம் அந்தக் கிணற்றைத் தொட்டு வணங்கியிருக்கிறேன். என் வீட்டு ஆலங்கன்றிலும் அவள் ஒரு கண்ணாடியைத் தொங்கவிட்டிருப்பாள் என்று நினைத்ததில்லை. படம் எடுத்தேனா என்றால் எடுத்தேன். கை நடுக்கத்தில் பாதிக்குமேல் மங்கல். எனக்கு அவை எல்லாமே வேண்டும்.

அந்தப் பொற்கூட்டிலிருந்து பட்டாம்பூச்சி வெளிவந்ததும் ஒரு காலை நேரத்தில்தான். பொன் கறுத்து, தோல் வெடித்து, நனைத்துப் பிழிந்த துணியாகச் சுருங்கிய சிறகுகளோடு இறங்கித் தொங்கியது. உடம்பின் நீரை நரம்புகளுக்குள் செலுத்திச் செலுத்தி, கண்முன்னே சிறகு நீண்டு விரிந்தது. உறிஞ்சுகுழல் அப்போது இரண்டு பாதிகளாகப் பிரிந்திருந்தது. சுருட்டியும் நீட்டியும் அதுவே அவற்றைச் சேர்த்து ஒரே குழலாக்கிக்கொண்டது. யார் சொல்லிக் கொடுத்தார்கள்? தேனை நோக்கி வாயைத் தானே செய்துகொள்ளும் உயிர்! "பெருமாளே, பெருமாளே" என்பதைத் தவிர என் வாயில் வேறு சொல் வரவில்லை.

கத்திரி தொடங்கித் தோட்டம் காய்ந்ததும் ஆற்றுப் பக்கம் போவேன். ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடியில் நீர்காத்த அய்யனார் கோயில். ஊருக்குக் குடிநீர் தரும் ஆறு அங்கேதான் மலையிறங்குகிறது. வெயிலில் ஆறு ஒடுங்கிவிட்டாலும் பாறை மறைவில் ஈரமணல் இருக்கும். அந்த ஈரத்தில் நீலமும் மஞ்சளும் வெள்ளையுமாகப் பட்டாம்பூச்சிகள் நெருங்கி உட்கார்ந்திருக்கும். பெரும்பாலும் ஆண்கள். இலையிலும் தேனிலும் போதுமான அளவு கிடைக்காத உப்பை மணலிலிருந்து உறிஞ்சி, கூடும்போது பெண்ணுக்குக் கொடுத்துவிடும். அது முட்டைகளுக்குப் போய்ச் சேரும். தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் கைமாற்றிவிடும் அந்த உப்பை நான் பிரசாதம் என்றே சொல்வேன். நீரைக் காத்தவன் வாசலில் அவை குடிக்கின்றன. வெறுங்காலோடு மெல்ல நடந்து போனால் நம் பாதத்தின் வியர்வையிலும் ஒன்றிரண்டு வந்து அமரும். என் காலில் அமர்ந்திருக்கிறது. அன்று அந்தக் காலை எங்கே வைத்து நடப்பது என்று தெரியாமல் நின்றேன்.

அந்த மலைகள் இன்று காவலுக்கு உட்பட்டவை. சாம்பல் நிற அணிலுக்காக 1988இல் சரணாலயமாகி, 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்தோடு சேர்ந்தன. தமிழக அரசு 2019இல் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவனும் மேற்குத் தொடர்ச்சி மலைக்காரன்தான். ஆரஞ்சு நிறம், கூட்டமாகத் திரிவான். அந்த மலையடியில் இருக்கும் செண்பகத்தோப்புப் பக்கம் போகிறவர்கள் வனத்துறையின் அனுமதியோடு போங்கள். ஓடையில் சோப்பும் ஷாம்பும் கரைக்காதீர்கள். ஈரமணலை அபிஷேகத் தீர்த்தமாக நினைத்துக் கேட்கிறேன்.

ஆண்டாள் பூச்சிகளைப் பார்த்தவள். நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களில், திருமாலிருஞ்சோலையைப் பாடும் ஒன்பதாம் திருமொழி இந்திரகோபத்தில்தான் தொடங்குகிறது. முதல் பெருமழைக்குப் பின் மண்ணிலிருந்து எழும் அந்தச் சிவந்த வெல்வெட் பூச்சியை அவள் காதலின் வேதனையோடு பாடினாள். எட்டுக் கால் கொண்டது. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள்ளேயே கழிக்கும். நீங்கள் அதைக் காண வேண்டுமானால் மழைவிட்ட தரையில் குனிய வேண்டும். எட்டாம் நூற்றாண்டோ ஒன்பதாம் நூற்றாண்டோ, அறிஞர்கள் பேசிக்கொள்ளட்டும். அந்தப் பெண் மண்ணருகே முகத்தைக் கொண்டுபோனவள் என்பது எனக்கு நிச்சயம். அப்பாவின் முதுகு மகளுக்கும் வாய்த்திருக்கிறது. கோடை மழை பெய்த ஒரு மாலை, துளசிப் பாத்தியோரம் ஒரு சிவப்புப் புள்ளி நகரக் கண்டு நான் கேமராவை எடுக்கவே இல்லை. அந்தத் திருமொழியை முதல் பாசுரத்திலிருந்து உரக்கப் பாடினேன். மதினி என்னவோ ஏதோவென்று ஓடி வந்தார். அவரும் உட்கார்ந்து பார்த்தார்.

அதே திருமொழியில்தான் அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்துகொண்டாள். ராமானுஜர் வந்து அந்த நேர்ச்சையை நிறைவேற்றினார் என்பது வைணவர்கள் போற்றும் வரலாறு. ஆண்டாளே, தாயே, எனக்கு அவ்வளவு வசதியில்லை. என் கறிவேப்பிலைச் செடியை வேரோடும் தளிரோடும் உனக்கு நேர்ந்துவிட்டேன். மதில் ஆலங்கன்றும் உன்னுடையது. எந்தப் புழு வந்து உண்டாலும் உன் வீட்டுப் பந்தியில் உண்டதாகக் கணக்கு வைத்துக்கொள். என் முழங்காலுக்கு வலு கொடு. தெருப்பிள்ளைகள் பொன்வண்டைத் தீப்பெட்டிக்குள் அடைக்காமல் கிளையிலேயே பார்த்துக் கூத்தாடட்டும். இந்த ஆடிப் பூரத்துக்கு உன் தேர்வடம் பிடிக்க வருவேன். வரும்போது என் பாத்தித் துளசியில் மாலை கட்டிக்கொண்டு வருவேன். காம்புகளில் உறங்குகிறவர்கள் எழுந்து போன பிறகுதான் பறிப்பேன்.