ரோதமுனியும் மூளை விஞ்ஞானமும்

மலையகத் தோட்டமொன்றில் மாரியம்மன் திருவிழாவைக் கண்டவர்கள் இதை அறிவர். பெரட்டுக்களத்தில் கங்காணியின் அதட்டலுக்குத் தலைகுனிந்து நிற்கும் பெண், உடுக்கொலி உச்சமேறும்போது அம்மனாகி ஆடுகிறாள். அதே கங்காணி அவள் முன் கைகட்டி நின்று வாக்குக் கேட்கிறார். இஃது வெறும் நரம்புக் கிளர்ச்சி என்று விஞ்ஞானம் காட்டிவிட்டால், அந்த நம்பிக்கை சரிந்துவிடுமா? ஆம் என்கின்றனர் நம் மாணவ நண்பர்கள் சிலர். அவ்வளவு விரைவாக நாம் உடன்பட இயலவில்லை.

விஞ்ஞானம் முறியடிக்கக்கூடிய நம்பிக்கைகள் உண்டு. உடற்றொழிலியல் பேராசிரியராகவும் இடதுசாரியாகவும் விளங்கிய கார்லோ பொன்சேகா, தீமிதிப்பை ஆராய்ந்து 1971இல் கட்டுரை வெளியிட்டார். பாதம் தணலில் படும் நேரம் மிகச் சொற்பம். செருப்பறியாத பாதத்தின் தடித்த தோல் சூட்டை இன்னும் தாங்கும். விரதம் இராதவனும் மிதிக்கலாம். பாதத்தைக் காப்பது தெய்வம் என்ற கூற்று அத்துடன் வலுவிழந்தது.

மூளையின் கதை வேறு. வி. எஸ். இராமச்சந்திரன் 1998இல் வெளியான தமது நூலில், மூளையின் பக்க மடலில் வலிப்புத் தோன்றும் நோயாளிகள் சிலர் மதச் சொற்களுக்கு மிகையான உணர்ச்சி காட்டியதை விவரித்தார். சோதிக்கப்பட்டோர் மிகச் சிலரே. கடவுள் இல்லையென்பதற்கு இது சான்று என அவர் உரிமை கோரவுமில்லை. கணக்கைச் சரியாகப் போடுபவனுக்கும் தவறாகப் போடுபவனுக்கும் நரம்புகள்தாம் வேலை செய்கின்றன. விடை சரியா என்று அறியக் கணக்கைத்தான் பார்க்கவேண்டும். நமது நாத்திகமும் நரம்பில்தானே குடியிருக்கிறது!

மேலும், தெய்வம் ஏன் இந்த உருவில் வந்தது என்பதை நரம்பு சொல்லாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார் வழியே கால்நடையாக வந்தவர்கள் மாரியையும் முனியாண்டியையும் உடன்கொண்டு வந்தனர். ஆனால் தேயிலைத் தொழிற்சாலையின் ரோதைகளைக் காக்கும் ரோதமுனிக்குத் தமிழகக் கிராமத்தில் என்ன வேலை? கவ்வாத்துக் கத்தி காலில் பாயாமல் காக்கும் கவ்வாத்துசாமிக்குத்தான் அங்கே என்ன வேலை? 1867இல் லூல்கந்துரையில் தேயிலைப் பயிர் தொடங்கிய பிறகே இத்தெய்வங்களுக்கு இடம் பிறந்தது. மூளை இரு கரையிலும் ஒன்றுதான். மாறியது உழைப்பு, அதனோடு மாறியது அச்சம். இயந்திரத்தில் கை சிக்கிவிடுமோ என்று அஞ்சியவன் முனியை அழைத்தான். அவனது மண்டையை மட்டும் ஆராய்பவர், இயந்திரத்தையும் அதன் உடைமையாளரையும் விசாரணையிலிருந்து விடுவித்துவிடுகிறார்.

இதனால் நாம் உடுக்கடிக்கு வக்காலத்து வாங்குவதாக எவரும் கொள்ள வேண்டாம். வலிப்புக் கண்ட குழந்தையைப் பேய் பிடித்ததென்று கோடாங்கியின் பிரம்புக்கு ஒப்படைக்கும் இடத்தில், மூளை விஞ்ஞானம் தயக்கமின்றிக் குறுக்கிட்டே ஆகவேண்டும். வலிப்பு நோய், அதற்கு மருந்து உண்டு, பெரும்பாலோருக்கு அது கட்டுப்படவும் செய்கிறது. ஆசிரியர்கள் இதை வகுப்பிலும் லயத்திலும் சொல்லவேண்டும். சொன்னால் மட்டும் போதுமா? அம்மருந்தை நாள் தவறாமல், ஆண்டுக்கணக்கில் கொடுத்துவர வேண்டும். அதை வாங்க ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறும் தாய், ஒவ்வொரு தடவையும் ஒருநாள் பேரை இழக்கிறாள். கோடாங்கியோ வேலை முடிந்த பின் லயத்துக்கே வந்துவிடுகிறார்.