பதில் என்னும் கடன்

ஒருவர் நம்மிடம் ஒன்றைக் கேட்கிறார். கொடுக்க வழியில்லை, அல்லது மனமில்லை. 'இல்லை' என்று சொல்லிவிடுவது நல்லதா, ஒன்றுமே சொல்லாமல் இருந்துவிடுவது நல்லதா? சின்னக் கேள்விதான். ஆனாலும் நாள் தவறாமல் நாம் இதற்கு ஒரு விடையை நம் நடத்தையால் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். பெரும்பாலும் அது தவறான விடை. இந்தக் கேள்வியின் கனம் எனக்குப் புரிந்தது இங்கிலாந்தில். யாரோ ஒருவருடைய கிழட்டு நாய்க்குத் துணையிருக்க ஆசைப்பட்ட ஒரு தம்பதியின் வீட்டில்.

லண்டனில் இருக்கும் என் மகளைப் பார்க்கப் போயிருந்தபோது அடுத்த தெருவில் வசித்த அந்த ஆங்கிலேயத் தம்பதி பழக்கமானார்கள். கணவர் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர். இருவருக்கும் எழுபது வயதிருக்கும். ஆண்டில் பாதி நாள் அவர்கள் தங்கள் வீட்டில் இருப்பதில்லை. ஊர் ஊராகப் போய்ப் பிறர் வீட்டையும் அங்குள்ள நாய் பூனைகளையும் பார்த்துக்கொள்கிறார்கள்.

நமக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். அங்கே இது பரவலான வழக்கம். வெளியூர் போகிறவர்களுக்கு வீட்டைப் பற்றிய கவலையைவிட வளர்க்கும் பிராணிகளைப் பற்றிய கவலை பெரிது. நாயைக் காப்பகத்தில் விட்டால் நாள் கணக்கில் பணம் கட்ட வேண்டும். பூனைக்கோ இடம் மாறுவது அறவே பிடிக்காது. எனவே நம்பிக்கையான ஒருவரைத் தங்கள் வீட்டிலேயே தங்க வைத்துவிட்டுப் போகிறார்கள். தங்குகிறவர் வாடகை தருவதில்லை. வீட்டுக்காரர் கூலி தருவதில்லை. இரு தரப்பாரையும் சேர்த்து வைப்பதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. பிரைட்டன் நகரில் 2010-ல் தொடங்கிய 'டிரஸ்டட் ஹவுஸ்சிட்டர்ஸ்' அவற்றில் பெயர் பெற்ற ஒன்று. அதில் இரு தரப்பாரும் ஆண்டுச் சந்தா கட்டிச் சேருகிறார்கள். வீட்டுக்காரர் தாம் ஊரில் இல்லாத தேதிகளையும் தம் நாயின் குணத்தையும் எழுதி வைப்பார். விருப்பமுள்ளவர்கள் தங்களைப் பற்றி எழுதி விண்ணப்பிப்பார்கள். அப்புறம் காத்திருப்பார்கள்.

என் நண்பர்கள் அப்போது காத்துக்கொண்டிருந்தார்கள். டெவன் பகுதியில் கடலோரக் கிராமம் ஒன்றில் ஒரு வீடு. செப்டம்பரில் மூன்று வாரம். பதின்மூன்று வயதான லாப்ரடார் நாய் ஒன்று, பூனை இரண்டு. ஒரு மாலைப்பொழுது முழுவதும் உட்கார்ந்து அந்த அம்மாள் விண்ணப்பத்தை எழுதினார்களாம். "அவ்வளவு நேரமா?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எங்கள் நாய் இறந்து நாலு வருஷம் ஆகிறது. இந்த வயதில் இன்னொரு குட்டி வாங்கினால் எங்களுக்குப் பிறகு அதற்கு யார் இருக்கிறார்கள்? அதனால்தான் இப்படி. பிறர் வீட்டு நாய்தான். ஆனாலும் மூன்று வாரத்துக்கு எங்கள் நாய்."

அவர்கள் கேட்டது இலவசத் தங்குமிடமல்ல என்பது அந்த ஒரு வார்த்தையில் எனக்கு விளங்கிவிட்டது.

ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள். டெவனிலிருந்து ஒரு சொல்லும் இல்லை. நூலகர் டீ குடிக்கும்போதெல்லாம் கைபேசியை எடுத்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு, பார்க்காதவர் போலக் கீழே வைப்பார். ஐந்தாம் நாள் யார்க் நகரத்திலிருந்து, முன்பே பழக்கமான ஒரு குடும்பம் அதே வாரங்களுக்கு அவர்களை அழைத்தது. அங்கே ஒரே ஒரு பூனை. அதுவும் மனிதர்களை அண்டாத பூனை. ஆனாலும் அழைப்பு அழைப்புத்தானே? "ஒப்புக்கொண்டுவிடலாம்" என்றார் மனைவி. கணவர் தலையை அசைத்தார். "நாளைக்கு டெவன் 'வாருங்கள்' என்றால்? கேட்டவர்கள் நாம். கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் ஓடிப்போகலாமா?"

ஒரே தேதிக்கு இரண்டு இடத்தில் வாக்குக் கொடுக்க மனமில்லாத மனிதர் அவர். அதனால் யார்க்குக்கு அவர் ஒன்றும் எழுதவில்லை. நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு யார்க் குடும்பம் வேறு ஆளை அமர்த்திக்கொண்டது.

பதினோராம் நாள் டெவன் அம்மாளிடமிருந்து கடிதம் வந்தது. அதை எனக்கும் படித்துக் காட்டினார்கள். ஐந்து பேர் எழுதியிருந்தார்களாம். ஐவரும் நல்லவர்களாகவே தோன்றியதாம். இரண்டாம் நாளே ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டாராம். "மற்ற நால்வருக்கும் இல்லை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. இன்று எழுதலாம், நாளை எழுதலாம் என்று தள்ளிப் போட்டேன். மன்னித்துவிடுங்கள்."

நூலகரின் மனைவி கைபேசியை மேசைமேல் வைத்தார். "'இல்லை' எங்களை ஒன்றும் செய்திருக்காது. இந்த வயதுக்குள் எத்தனை 'இல்லை' கேட்டிருப்போம்!" என்றார். கணவர் பேசவில்லை. தாம் யார்க் குடும்பத்துக்குச் செய்ததும் இதுவேதான் என்பது அவருக்கு உறைத்திருக்க வேண்டும். மௌனம் இப்படித்தான் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் பரவுகிறது. காக்க வைக்கப்பட்டவன் தன்னை அறியாமலே இன்னொருவனைக் காக்க வைக்கிறான்.

இந்தக் கதையில் கெட்டவர் யாரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். டெவன் அம்மாள் அகங்காரியல்லள். இளகிய மனம் படைத்தவள். அவளுடைய மௌனம் இரக்கத்தில் பிறந்தது. ஆனால் அந்த இரக்கம் யாரைக் காப்பாற்றியது? நால்வரை வருத்தத்திலிருந்து காப்பாற்றுவதாக அவள் நினைத்தாள். உண்மையில், வருத்தம் தரும் ஒரு வேலையிலிருந்து தன்னைத்தான் காப்பாற்றிக்கொண்டாள். அதற்கு விலையாகப் பிறருடைய ஒன்பது நாளை எடுத்துக்கொண்டாள்.

நமக்கு இது புதிதல்ல. பெண் பார்த்துவிட்டு, சொஜ்ஜியும் பஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டு, "ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்" என்று சொல்லிப் போனவர்கள் நம்மிலும் எத்தனை பேர்! முகத்துக்கு நேரே 'பிடிக்கவில்லை' என்று சொல்லாத நாகரிகம் அது. அந்த நாகரிகத்துக்காகத் தபால்காரன் வரும் நேரத்தில் எத்தனை தாய்மார்கள் வாசற்படியில் நின்றிருப்பார்கள்!

'இல்லை' என்ற சொல்லுக்கு நாம் இவ்வளவு அஞ்சுவதற்கு ஒரு நீண்ட மரபு உண்டு. இரவு, இரவச்சம் என்று இரண்டு அதிகாரங்களை வள்ளுவர் இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார். அந்தச் சொல் கேட்பவனுடைய உயிரையே போக்கிவிடும் என்பது அவர் கருத்து. ஆனால் அவர் சாடுவது இருப்பதை ஒளித்துக்கொண்டு இல்லை என்பவனை. ஒரு வீடு, ஐந்து விண்ணப்பம் என்றால் நாலு பேருக்கு இல்லை என்பது கரவு அல்ல, வெறும் கணக்கு.

புறநானூற்றில் ஔவையாரைப் பாருங்கள். அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் தராமல் நாளை நீட்டித்தான். அப்போது வாயிற்காவலனைப் பார்த்து அவர் பாடிய பாட்டில் கொதிக்கும் சினம், காக்க வைத்ததற்கு எழுந்த சினம். தன் தகுதி அவனுக்குத் தெரியாதா என்று கேட்கிறார். கருவிகளைக் கட்டிக்கொண்டு புறப்படத் தயாராகிறார். வித்தை தெரிந்தவருக்கு எந்தத் திசையிலும் சோறு உண்டு என்ற துணிவு அவருக்கு இருந்தது. 'இல்லை' என்று சொன்னால் மனிதன் வேறு திசை பார்க்கலாம். மௌனம் திசைகளையெல்லாம் அடைத்துவிட்டு ஒரே கதவின் முன்னால் அவனை உட்கார வைத்துவிடுகிறது.

பிறர் வீடு காக்கும் இந்த வழக்கத்தில் இந்தத் துன்பம் கூர்மையாவதற்கு ஒரு காரணம் தோன்றுகிறது. பணம் கைமாறும் இடத்தில் ஒப்பந்தம் இருக்கிறது. உறவு இருக்கும் இடத்தில் உரிமை இருக்கிறது. இங்கே இரண்டும் இல்லை. என் நண்பர்கள் கூலிக்காரர்களும் அல்லர், விருந்தாளிகளும் அல்லர். அவர்களுடைய மானத்துக்கு அங்கே ஒரே காவல், எதிரில் இருப்பவரின் மரியாதைதான். தன் வீட்டுச் சாவியை முன்பின் தெரியாதவரிடம் ஒப்படைக்கத் துணிகிற ஒருவர், இரண்டு வரி உண்மையை ஒப்படைக்க ஏன் துணிவதில்லை?

அப்படியானால் கேட்கிற ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லியே தீர வேண்டுமா? அப்படி நான் சொல்ல மாட்டேன். நாம் அழைக்காமலே வந்து கதவைத் தட்டுகிறவனுக்கு நாம் கடன்படவில்லை. ஆனால் 'வாருங்கள், கேளுங்கள்' என்று கதவைத் திறந்து வைத்தவர் வாசலில் நிற்பவருக்குக் கடன்பட்டவர். முடிவு செய்ய நாளாகலாம், தவறில்லை. சாவியைக் கொடுப்பதென்றால் யோசிக்கத்தான் வேண்டும். "இன்னும் முடிவு செய்யவில்லை, பத்தாம் தேதிக்குள் சொல்கிறேன்" என்றால் அதுவும் பதில்தான்.

இவ்வளவும் எழுதிய பிறகு ஒன்றை மறைப்பது அழகல்ல. எட்டு மாதத்துக்கு முன் ஓர் இலக்கியக் கூட்டத்தில் ஓர் இளைஞர் தம் கதைகளைப் பற்றிக் கூச்சத்தோடு சொன்னார். "அனுப்பி வையுங்கள் தம்பி, படித்துவிட்டு எழுதுகிறேன்" என்றேன். கதவைத் திறந்தவன் நான்தான். கையெழுத்துப் பிரதி வந்தது. ஒரு வாரத்தில் படித்தும் விட்டேன். நன்றாக இல்லை. அதை எழுத மனம் வராமல் பிரதியை மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். இளம் உள்ளத்தை நோகடிக்காமல் இருப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டெவன் அம்மாளின் கடிதத்தை நண்பர் படித்தபோது எனக்கு நினைவு வந்தது அந்த இழுப்பறைதான்.

ஊர் திரும்பிய மறுநாளே அந்த இளைஞருக்கு எழுதினேன். கதைகளில் எனக்குக் குறையாகப் பட்டவற்றைச் சொன்னேன். எட்டு மாதம் காக்க வைத்தது என் கோழைத்தனம், அதற்கும் உங்கள் எழுத்துக்கும் சம்பந்தமில்லை என்றும் எழுதினேன்.

மூன்று வாரமாகிறது. இன்னும் பதில் இல்லை. தபால் வரும் நேரத்தில் நான் வாசலுக்கு வந்து நிற்பதை வீட்டில் உள்ளவர்கள் கவனித்திருப்பார்கள். பதில் வராமலும் போகலாம். அவருக்கு அந்தக் கடன் இல்லை.