பெரிய கோயிலை எங்கே நின்று பார்ப்பது?

தண்டவாளங்கள் தூரத்தில் ஒன்றுகூடுவதாகப் படம் வரைந்தால் எவரும் குறை சொல்வதில்லை. உயர்ந்த கட்டடத்தின் விளிம்புகள் மேலே போகப்போக நெருங்குவதாக வரைந்தால் மட்டும், ‘கட்டடம் பின்னால் சாய்கிறதே’ என்பார்கள். கண்ணுக்கோ இரண்டும் ஒரே கணக்குதான். தொலைவு கூடினால் உருவம் சிறுக்கும்; கிடைமட்டத்துக்கு ஒரு நியாயம், செங்குத்துக்கு ஒரு நியாயம் கிடையாது.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் நெல்சன் குட்மன், 1968இல் வந்த ‘லாங்குவேஜஸ் ஆஃப் ஆர்ட்’ நூலில் இந்த முரணைச் சுட்டிக்காட்டினார். பெர்ஸ்பெக்டிவ் என்பது இயற்கையின் சட்டமல்ல, நமக்குப் பழகிப்போன வழக்கம் என்பது அவர் வாதம். அவர் மோதியது கலை வரலாற்றாசிரியர் எர்ன்ஸ்ட் காம்பிரிச்சோடு. உரிய இடத்தில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தால் ஓவியமும் அசலும் ஒரே கோணங்களில்தான் கண்ணை எட்டும், அதில் வழக்கத்துக்கு என்ன வேலை என்பது காம்பிரிச்சின் பக்கம்.

கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, தேய்த்த கண்ணாடியில் தலைகீழாக விழும் பிம்பத்தைப் பார்க்கிற லார்ஜ் ஃபார்மட் புகைப்படக்காரருக்கு இது வெறும் ஏட்டுச் சண்டை அல்ல. கேமராவை அண்ணாந்து வைத்தால் கோடுகள் நெருங்கும். ஃபிலிமைச் செங்குத்தாக நிறுத்தி, லென்ஸ் பலகையை மட்டும் மேலே உயர்த்தினால் அவை இணையாகவே நிற்கும். இதை ‘ரைஸ்’ என்பார்கள். எவ்வளவு உயர்த்தலாம் என்பதை லென்ஸின் பிம்ப வட்டம் தீர்மானிக்கிறது. ஃபிலிம் அந்த வட்டத்தைத் தாண்டினால் மூலைகள் இருண்டுவிடும்.

தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தை எடுத்துக்கொள்வோம். சுமார் 200 அடி உயரம். 4x5 அங்குல ஃபிலிமுக்குச் சாதாரண லென்ஸ் 150 மி.மீ. படத்தை நெடுக்காக அமைத்து, ரைஸ் இல்லாமல், உச்சிவரை பிடிக்க வேண்டுமானால் உயரத்தைப் போல் இரண்டரை மடங்கு தூரம் பின்வாங்க வேண்டும். 90 மி.மீ. லென்ஸில் ஒன்றரை மடங்கு போதும். ஆனால் படத்தில் பாதி வெறும் தரை. அதே 90இல், 216 மி.மீ. பிம்ப வட்டம் கொண்ட ஷ்னைடர் சூப்பர் அங்குலான் எஃப்/8ஐ மாட்டி முழுதாக உயர்த்தினால், ஏறக்குறைய விமானத்தின் உயரமளவு தள்ளி நின்றாலே கலசம் வந்துவிடும்.

இன்னும் அகலமான 65 மி.மீ. வாங்கினால் இன்னும் நெருங்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. சூப்பர் அங்குலான் 65 எஃப்/5.6இன் வட்டம் 170 மி.மீ.தான், சுமார் 1 செ.மீ.க்கு மேல் உயர்த்த இடமில்லை. அது எட்டும் உச்சக் கோணமும் அந்த 90 எட்டுவதும் ஒன்றே, 47 டிகிரி. கூடுதலாகக் கிடைப்பது பக்கங்களும் தரையும். 235 மி.மீ. வட்டமுள்ள நிக்கான் எஸ்.டபிள்யூ 90 எஃப்/8 ஏறத்தாழ 50 டிகிரி எட்டும். லென்ஸ் மீது பொறித்த குவியத் தூரத்தை மட்டும் பார்த்து வாங்குகிறவர் ஏமாறும் இடம் இது.

அகலத்துக்கு வேறு விலையும் உண்டு. ஓரத்தில் விழும் ஒளி கோணத்தின் கோசைன் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் குறையும். 1900இல் எமில் ஃபான் ஹோய் வடிவமைத்த கோயெர்ஸ் ஹைபர்கான் சுமார் 135 டிகிரி பார்த்தது. அந்த விளிம்பில் ஒளி நடுவில் உள்ளதில் 47இல் ஒரு பங்குதான். அதைச் சமன்செய்ய லென்ஸின் முன் ஒரு நட்சத்திரச் சக்கரத்தைக் காற்றூதிச் சுழலவிட்டார்கள்! இன்றைக்கு நடுவில் மட்டும் கருமையான ஃபில்டர் அந்த வேலையைச் செய்கிறது.

ஓரங்கள் இழுபடுவதுதான் தத்துவக்காரர்களுக்குத் தீனி. அகன்ற கோணத்தில், ஓரத்திலுள்ள கோளம் விதிப்படி முட்டை வடிவில்தான் விழ வேண்டும். ரஃபேல் ‘ஏதென்ஸ் பள்ளி’யின் வலது ஓரத்தில் இரண்டு கோளங்களை வரைந்தார், இரண்டையும் சுத்தமான வட்டமாக. விதி தெரியாதவரல்ல. பார்ப்பவர் சுவரோவியத்தின் முன் ஒரே புள்ளியில் உறைந்து நிற்க மாட்டார் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கட்டடக் கலைஞர் புரூனெலெஸ்கியோ ஃபுளோரன்ஸில் தம் பலகை ஓவியத்தில் துளை போட்டு, அதன் வழியே கண்ணாடியில் பார்க்க வைத்து, கண்ணையே கட்டிப்போட்டார். 90 மி.மீ. லென்ஸில் எடுத்த 4x5 ஃபிலிமைப் பெரிதாக்காமல் அச்சிட்டால், அதை 9 செ.மீ. தள்ளி ஒற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும். நான்கு மடங்கு பெரிதாக்கினால் 36 செ.மீ. அப்போது இழுபட்டது சரியாகிவிடும். வடிவியலில் காம்பிரிச் சொன்னது சரி. ஆனால் அச்சுப்படத்தை மூக்கருகே வைத்து யார் பார்க்கிறார்கள்? அங்கே குட்மன் கைதான் ஓங்குகிறது.

கோயில் இந்த வழக்கில் இரு பக்கமும் சாட்சி சொல்லக்கூடியது. நந்தியிலிருந்து கருவறைக்குப் போகும் நேர்கோடு புரூனெலெஸ்கியின் துளையைப் போலத்தான். தரிசனத்துக்கு நிற்கும் இடம் வரையறுக்கப்பட்டது. ஆனால் வலம் வருபவருக்கு அப்படி ஓர் இடம் இல்லை. விமானத்தின் அடியைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை நின்ற இடத்திலிருந்து வாசிக்கவே முடியாது.

1858இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் கேப்டன் லினேயஸ் டிரைப், நகர்ந்துகொண்டே வாசிக்கும் அந்த வேலையைத்தான் கேமராவில் செய்து பார்த்தார். கேமராவை நகர்த்தி நகர்த்தி அந்தக் கல்வெட்டுகளை எடுத்து, 21 படங்களை ஒட்டிச் சுமார் 19 அடி நீளப் பட்டையாக்கினார். அதில் ஒற்றைப் பார்வைப்புள்ளி என்பதே கிடையாது. அதே வேலைக்கு இன்று போகிறவருக்கும் அகன்ற கோணம் தேவைப்படாது, 150 மி.மீ. போதும். ஒவ்வொரு முறையும் சுவரிலிருந்து ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில், ஃபிலிமைச் சுவருக்கு இணையாக நிறுத்துவதில்தான் பாடு.