வீதிக்கு வரும் இறைவன்

வெளிநாட்டு நகரங்களையும் நம் நகரங்களையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் தூய்மை, ஒழுங்கு, போக்குவரத்து ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றனர். வீதி யாருக்கு உரியது என்று சமயத்தின் பக்கமிருந்து கேட்டால் ஒப்பீட்டின் போக்கே மாறிவிடுகிறது. கோயில் மரபில் மாட வீதிகள், அதாவது மதிலைச் சுற்றியுள்ள நான்கு தெருக்கள், உள்ளே அமைந்த திருச்சுற்றுகளின் நீட்சியாகவே கருதப்படுகின்றன. கருவறையில் நிலைபெற்ற மூலவர் இடம்பெயர்வதில்லையாதலால், உலோகத் திருமேனியான உற்சவர் வீதியுலா வருகிறார். முதுமையாலோ நோயாலோ சன்னதிக்கு வர இயலாதவரை இறைவனே தேடி வருகிறான் என்று இதற்கு விளக்கம் கூறுவர். இந்த எளிவந்த தன்மையை வைணவர் சௌலப்பியம் என்பர்.

மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலின் பங்குனிப் பெருவிழாவில் ஏழாம் நாள் தேரும் எட்டாம் நாள் அறுபத்துமூவர் உலாவும் இவ்விளக்கத்தைக் கண்முன் நிறுத்துகின்றன. முனை திரும்பும்போது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுவோரின் குரலுக்கு வடம் பிடித்தவர் அனைவரும் கட்டுப்படுகின்றனர்; ஓரத்தில் நீர்மோரும் பானகமும் வருவோர் போவோர்க்கெல்லாம் வழங்கப்படுகின்றன. ஆயினும் இறைவன் எல்லாத் தெருக்களுக்கும் வந்தான் என்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. தேரோடும் வீதிகளில் குடியிருந்தோர் யார், சேரிக்குள் தேர் சென்றதுண்டா என்று கேளாமல் தமிழகக் கோயில் விழாக்களின் எளிவந்த தன்மையைப் போற்றுவது பாதி உண்மையே. வாசலில் தடுக்கப்பட்டோர் உள்ளே செல்லச் சென்னை மாகாணத்தில் 1939ஆம் ஆண்டுச் சட்டமும் 1947ஆம் ஆண்டுச் சட்டமும் தேவைப்பட்டன.

மேலும், மயிலாப்பூரை வைத்துச் சென்னை முழுவதையும் மதிப்பிட இயலாது. 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து உருவாக்கப்பட்ட தியாகராய நகரின் சாலைகள் பனகல் பூங்காவை நடுவாகக் கொண்டு பிரிகின்றனவேயன்றி எந்தக் கோயிலையும் சுற்றி வரவில்லை. அடையாற்றுக்குத் தெற்கே, பெசன்ட் நகர்க் கடற்கரையில் 1976இல் குடமுழுக்குக் கண்ட அஷ்டலட்சுமி கோயிலுக்கும் தொலைவிலுள்ளோர் வண்டியேறித்தான் வருகின்றனர். இந்த வகையில் இப்பகுதிகளின் வாழ்க்கை மயிலாப்பூரைவிட அயல்நாட்டு நகரங்களுக்கே நெருக்கமானது.

செர்மனியின் ஹாம் நகரில் ஈழத்தமிழர் எழுப்பி 2002இல் குடமுழுக்குச் செய்த காமாட்சி அம்பாள் கோயில் ஒரு தொழிற்பேட்டையில் அமைந்துள்ளது. அதன் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் அடியார்கள் திரள்கின்றனர். இறைவனின் படைக்கலத்தை நீராட்டும் தீர்த்தவாரி அருகிலுள்ள கப்பல் கால்வாயில் நடைபெறுகிறது. தேர் செல்லும் வழியில் பட்டறைகளும் கிடங்குகளுமே நிற்கின்றன. காத்திருக்கும் வீடுகள் அரிது. அம்பாள் அடியாரைத் தேடிச் செல்வதற்கு மாறாக, அம்பாள் உலா வரவேண்டும் என்பதற்காக அடியார் பல நூறு கல் கடந்து வருகின்றனர். எனவே அது வெறும் ஊர்நினைவின் சடங்கு என்று சிலர் முடிவு கட்டலாம். ஆனால் அம்முடிவு சாலையோரத்தில் நிற்கும் செர்மானியரைக் கணக்கில் கொள்ளவில்லை. அவர்கள் வேண்டுதல் ஏதும் வைத்தவரல்லர். சிலருக்குத் தேரில் இருப்பது யார் என்பதும் தெரியாது. தேடி வருவது இறைவனின் இயல்பு என்ற கோட்பாட்டை அப்படியே ஏற்றால், கேளாமல் நிற்கும் அவர்களுக்குக் கிடைப்பதும் தரிசனமே. தம் வாசலில் தேங்காய்ப் பழத்தட்டுடன் காத்திருக்கும் மயிலாப்பூர்க் குடும்பத்தாருக்குக் கிடைப்பதைவிட அதைத் தாழ்ந்ததெனக் கொள்ள அக்கோட்பாட்டில் இடமில்லை.